சேஷாசலம் காட்டில் கூவுவது ஊர்ச்சேவல் இல்லை: சாம்பல் காட்டுக்கோழியின் கதை என்ன?

கறிக்கடையில் தொங்கும் கோழியின் காலை நீங்கள் கவனித்திருப்பீர்கள். பெரும்பாலும் மஞ்சளாக இருக்கும். அந்த மஞ்சள் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், 'மக்காச்சோளத் தீவனம்தான் காரணம்' என்பார் பண்ணைக்காரர். பாதி உண்மை. அதே தீவனத்தைத் தின்றாலும் சில ரகக் கோழிகளின் கால் வெளுத்தே இருக்கும். மஞ்சளைத் தோலில் சேர்த்து வைக்கும் தன்மை மரபணுவில் இருக்கவேண்டும். உலகம் முழுக்கப் பண்ணைக் கோழிகளிடம் உள்ள அந்த மரபணு, திருப்பதி மலைக்காட்டிலும் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் சருகைக் கிளறித் திரியும் ஒரு பறவையிடமிருந்து வந்தது என்று 2008-இல் விஞ்ஞானிகள் கண்டறிந்தார்கள்.

அந்தப் பறவைதான் சாம்பல் காட்டுக்கோழி. தெலுங்கில் அடவி கோடி. சித்தூர் பக்கம் போனால் 'கோடி' என்ற சொல்லைக் கேட்டுப் பணக்கணக்கு போட்டுவிடாதீர்கள். அங்கே கோடி என்றால் கோழி.

சங்கப் பாடல்களில் தமிழகத்தின் வட எல்லையாகச் சொல்லப்படும் வேங்கட மலைதான் இன்றைய திருமலை. இந்த மலைத்தொடருக்கு சேஷாசலம் என்று பெயர். இங்கே 353 சதுர கிலோமீட்டரில் ஸ்ரீ வெங்கடேஸ்வரா தேசியப் பூங்கா இருக்கிறது, அறிவிக்கப்பட்டது 1989-இல். 2010-இல் சேஷாசலம் உயிர்க்கோளக் காப்பகம் உருவானது. அலிபிரி, ஸ்ரீவாரி மெட்டு என்று நீங்கள் படியேறும் இரண்டு பாதைகளுமே இந்தக் காட்டைத் தொட்டுத்தான் போகின்றன. தலக்கோணா அருவிக்குப் போகும் வழியும் அப்படியே. விடியற்காலையில் அங்கே சேவல் சத்தம் கேட்டால், 'பக்கத்தில் ஊர் இருக்கு போல' என்று நினைத்துக் கடந்துவிடுகிறோம். அங்கேதான் தப்பு நடக்கிறது.

சத்தத்தை வைத்தே கண்டுபிடிக்கலாமா?

தாராளமாக. ஊர்ச்சேவல் 'கொக்கரக்கோ' என்று கடைசி எழுத்தை இழுத்து முடிக்கும். சாம்பல் காட்டுச்சேவலுக்கு அந்த இழுவையே வராது. 'குக்... கயா-கயா... குக்' என்று வெட்டி வெட்டிக் கூவும், ஏதோ சொல்ல வந்து தொண்டையில் சிக்கிக்கொண்டது போல. முடிக்கும்போது, அருகில் இருந்தால் மட்டும் கேட்கும் அளவுக்கு, 'க்யுகுன், க்யுகுன்' என்று ஒரு முனகல். இன்னொரு வித்தியாசமும் இருக்கிறது. வீட்டுச் சேவலும் அதன் மூதாதையான செங்காட்டுச் சேவலும் கூவுவதற்கு முன் படபடவென்று இறக்கை அடிக்கும். சாம்பல் சேவலுக்கு அந்த ஆர்ப்பாட்டம் கிடையாது.

ஒன்று கூவினால் அடுத்த சரிவிலிருந்து இன்னொன்று பதில் சொல்லும். யார் எல்லை எதுவரை என்ற பேச்சுவார்த்தை அது. காலையிலும் அந்தி சாயும் நேரத்திலும் அதிகமாகக் கேட்கும்.

பார்க்க எப்படி இருக்கும்?

முதலில் குடும்பத்தைச் சொல்லிவிடலாம். ஃபெசன்ட் என்று ஆங்கிலத்தில் அழைக்கப்படும் வனக்கோழிகள், மயில், கவுதாரி, காடை எல்லாம் ஒரே குடும்பம். அதில் 'காலஸ்' என்ற பேரினத்தில் நான்கே நான்கு இனங்கள்தான் உள்ளன. இமயமலை அடிவாரம் முதல் தென்கிழக்கு ஆசியா வரை செங்காட்டுக்கோழி, தீபகற்ப இந்தியாவில் சாம்பல் காட்டுக்கோழி, இலங்கையில் அந்நாட்டின் தேசியப் பறவையான இலங்கைக் காட்டுக்கோழி, ஜாவாவிலும் அதை ஒட்டிய தீவுகளிலும் பச்சைக் காட்டுக்கோழி. கிழக்குப் பக்கம் கோதாவரி ஆறுதான் செங்காட்டுக்கோழிக்கும் சாம்பல் கோழிக்கும் ஏறக்குறைய எல்லைக்கோடு. அதனால் சித்தூரிலோ திருப்பதியிலோ நீங்கள் காட்டுக்கோழியைப் பார்த்தால் அது சாம்பல் இனம்தான். உலகில் இந்தியாவைத் தவிர வேறெங்கும் இது இயற்கையாக வாழவில்லை.

சேவல் வால் உட்பட 70 முதல் 80 சென்டிமீட்டர் நீளம், எடை ஒரு கிலோ சுமார். உடல் சாம்பல் நிறம் என்று பெயர் சொல்கிறது, ஆனால் பைனாகுலரில் பார்த்தால் அது வெறும் சாம்பல் இல்லை. ஒவ்வொரு இறகிலும் மெல்லிய வெளிர் கோடுகளும் கரும் விளிம்புகளும் சேர்ந்து நெசவு போட்டது போல இருக்கும். வால் கருமை, வெயில் பட்டால் ஊதாவும் பச்சையுமாக மின்னும், அரிவாள் போல வளைந்து தொங்கும். கொண்டையும் தாடியும் சிவப்பு, ஆனால் செங்காட்டுச் சேவலுடையது அளவுக்குப் பெரிதில்லை. காலும் சிவப்பு கலந்தது, முள் உண்டு.

ஆனால் இந்தப் பறவையின் முகவரி அதன் கழுத்துதான். கறுப்பு இறகுகள் கழுத்தைச் சுற்றித் தோள்வரை இறங்கும். ஒவ்வொன்றிலும் வெள்ளையும் மஞ்சளுமாகப் புள்ளிகள். இவை வெறும் நிறப்புள்ளிகள் என்று நினைக்காதீர்கள். இறகின் நடுத்தண்டு அந்த இடத்தில் தட்டையாக விரிந்து, கெட்டியாகி, பளபளக்கும் தகடாக மாறியிருக்கும். அரக்கைச் சொட்டு சொட்டாக விட்டு வைத்தது போல. நுனியில் உள்ள தகடு நல்ல மஞ்சள். தொட்டால் இறகு மாதிரி இருக்காது, நகம் மாதிரி இருக்கும். வேறு எந்தக் காட்டுக்கோழிக்கும் இந்த அமைப்பு கிடையாது.

கோழி அளவில் பாதிதான், முக்கால் கிலோ இருக்கும். பழுப்பு முதுகு. நெஞ்சில் மட்டும் வெள்ளை இறகுகள், ஒவ்வொன்றுக்கும் கறுப்பு ஓரம், மீன் செதில் அடுக்கியது போல. கால் மஞ்சள், பெரும்பாலும் முள் இருக்காது. நாட்டுக்கோழிப் பெட்டையோடு குழப்பிக்கொள்ளாமல் இருக்க அந்த நெஞ்சைப் பார்த்தால் போதும்.

ஒரு எச்சரிக்கை. இனப்பெருக்கக் காலம் முடிந்ததும் சேவல் தன் அலங்காரக் கழுத்திறகுகளை உதிர்த்துவிடும். அந்த இடத்தில் மங்கிய குட்டை இறகுகள் முளைக்கும். ஆண்டில் சில மாதம் இப்படித் திரியும் சேவலைப் பார்த்து 'இது ஏதோ கலப்பினம்' என்று முடிவு கட்டிவிட வேண்டாம். அதே காட்டில் சுண்டாங்கோழி என்று இன்னொன்றும் உண்டு. அது கவுதாரியை விடச் சற்றுப் பெரிது, வளைந்த அரிவாள் வால் இருக்காது.

குறுந்தொகையில் இருக்கிறதா?

இருக்கிறது. குழற்றத்தனார் பாடிய 242-ஆம் பாட்டில் ஒரு கானங்கோழிச் சேவல் வருகிறது. மணமாகிப் போன மகளின் வீட்டைப் பார்த்துவிட்டு வந்த செவிலித்தாய், அந்தச் சிற்றூரைச் சுற்றியுள்ள முல்லைக்காட்டைச் சொல்லும் இடம். புதரிலிருந்து வடியும் குளிர்ந்த நீர்த்துளிகள் சேவலின் கழுத்தில் விழுகின்றன. அந்தக் கழுத்தைப் புலவர் எப்படி வர்ணிக்கிறார் தெரியுமா? ஒளிரும் புள்ளிகள் கொண்டது என்கிறார். குரலையும் விடவில்லை, பிளவுபட்ட குரல் என்று பொருள்படும் ஓர் அடைமொழி தருகிறார்.

செங்காட்டுச் சேவலின் கழுத்து பொன்னும் சிவப்புமாக வழியும், புள்ளி இருக்காது. அதன் குரலும் நம் ஊர்ச்சேவல் குரல்தான். எனவே குழற்றத்தனார் பார்த்தது சாம்பல் காட்டுக்கோழி என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. சுமார் 2000 ஆண்டுகளுக்கு முன்பே நம் ஆள் ஒருவர் இரண்டே அடைமொழிகளில் இனத்தை அடையாளம் காட்டிவிட்டார். அறிவியல் பெயர் வர 1813 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அந்தப் பெயர் 'காலஸ் சொனராட்டி'. வைத்தவர் டச்சு விலங்கியலாளர் டெம்மின்க். பெயருக்குரியவர் பியேர் சொனரா, புதுச்சேரியில் பணியாற்றிய பிரெஞ்சு இயற்கையியலாளர். 1782-இல் வெளியான தன் பயணநூலில் அவர் இந்தப் பறவையை விவரித்தார். ஐரோப்பாவின் வீட்டுக் கோழிகளுக்கு மூதாதை இதுதான் என்பது அவருடைய கருத்து.

சொனரா சொன்னது சரியா?

நூறாண்டுக்குள் டார்வின் அதை மறுத்துவிட்டார். 1868-இல் வந்த அவருடைய நூலில், வீட்டுக்கோழிகள் அனைத்துக்கும் மூதாதை செங்காட்டுக்கோழி ஒன்றுதான் என்றார். சாம்பல் கோழியின் குரல் வேறு, இறகு வேறு, வீட்டுக்கோழியோடு கலந்தால் பிறக்கும் குஞ்சுகளுக்கு இனம் பெருக்கும் திறன் மிகக் குறைவு. வாதம் வலுவானது. கல்கத்தாவில் இருந்த எட்வர்ட் பிளைத் அனுப்பிய தகவல்களும் அவருக்கு உதவின.

பெருமளவில் டார்வின் சொன்னதுதான் சரி. 2020-இல் வெளியான பெரிய மரபணு ஆய்வு ஒன்று, மியான்மர், வட தாய்லாந்து, தென்மேற்குச் சீனப் பகுதியில் வாழும் செங்காட்டுக்கோழித் துணையினத்திலிருந்தே வீட்டுக்கோழி வந்தது என்று காட்டியது. தாய்லாந்தின் பான் நான் வாட் என்ற இடத்தில் கிடைத்த எலும்புகளை வைத்து, கி.மு. 1650-க்கும் 1250-க்கும் இடையில் கோழி வீட்டுப் பறவையாகிவிட்டது என்று 2022-இல் இன்னொரு குழு சொன்னது.

அப்படியானால் மஞ்சள் கால்? செங்காட்டுக்கோழியின் கால் மஞ்சள் இல்லையே! ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குழு இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டது. விஷயம் இப்படி. தீவனத்தில் உள்ள மஞ்சள் நிறமியை உடைக்கும் நொதி ஒன்று கோழியின் உடலில் உண்டு. அதை உருவாக்கும் மரபணுவுக்குப் பெயர் பிசிடிஓ2. செங்காட்டுக்கோழியின் தோலில் அந்த மரபணு முழு வேகத்தில் வேலை செய்கிறது, நிறமி உடைந்துபோகிறது, தோல் வெளுப்பு. மஞ்சள் தோல் கோழியிலோ அதே மரபணு தோலில் மட்டும் அடக்கி வாசிக்கிறது. நிறமி உடையாமல் தங்கிவிடுகிறது. இந்த 'அடக்கி வாசிக்கும்' வடிவம் எங்கிருந்து வந்தது என்று நான்கு காட்டுக்கோழி இனங்களோடும் ஒப்பிட்டார்கள். செங்காட்டுக்கோழியோடு பொருந்தவில்லை, சாம்பல் காட்டுக்கோழியோடு நெருங்கிப் பொருந்தியது.

அதாவது, கிழக்கிலிருந்து மனிதர்களோடு வந்த வீட்டுக்கோழி, எப்போதோ ஒரு காலத்தில், அநேகமாக இந்தியாவில்தான், ஒரு சாம்பல் காட்டுக்கோழியோடு சேர்ந்திருக்கிறது. குஞ்சுகளில் பெரும்பாலானவை மலடாக இருந்திருக்கும். ஒன்றிரண்டு தப்பியிருக்கும். மஞ்சள் காலை விரும்பி மனிதர்கள் தேர்ந்தெடுத்து வளர்த்ததால் அது உலகம் முழுக்கப் பரவியது. சொனரா முக்கால்வாசி தவறு, ஆனால் முழுத் தவறு இல்லை.

எங்கே இருக்கும், என்ன சாப்பிடும்?

மூங்கில் புதர், இலையுதிர் காடு, முட்காடு, தோட்டங்களை ஒட்டிய காட்டோரம் எல்லாம் இதற்குச் சரி. நீலகிரியின் சோலைகளிலும் இருக்கும், செம்மரம் வளரும் சேஷாசலத்தின் வறண்ட சரிவுகளிலும் இருக்கும். சருகைக் காலால் கிளறி விதை, கிழங்கு, புழு, கறையான் எல்லாம் தின்னும். உண்ணிச்செடிப் பழம் பிடிக்கும். மூங்கில் பூத்து அரிசி உதிரும் ஆண்டிலும், குறிஞ்சி வகைகள் விதைக்கும் காலத்திலும் சுற்றுவட்டாரக் கோழிகள் எல்லாம் அங்கே கூடிவிடும்.

பிப்ரவரி முதல் மே வரை முக்கியமான இனப்பெருக்கக் காலம். புதரடியில் தரையைச் சற்றுத் தோண்டிச் சருகு பரப்பினால் கூடு தயார். வெளிர்நிறத்தில் 4 முதல் 7 முட்டை வரை இடும். அடைகாப்பது கோழி மட்டும், நம் வீட்டுக்கோழி போலவே சுமார் 21 நாள். குஞ்சுகள் பொரித்த அன்றே நடக்கும். இரவில் மரத்திலோ மூங்கிலிலோ ஏறி உறங்கும். அதிகாலையிலும் மாலையிலும் காட்டுச்சாலை ஓரத்துக்கு வரும், ஆள் அரவம் கேட்டால் தலையைத் தாழ்த்தி, வாலைக் கீழே போட்டுக்கொண்டு ஓடிப் புதருக்குள் மறையும். பறப்பது கடைசி வழி. நீங்கள் பார்க்கும் 10 தடவையில் 8 தடவை முதுகுதான் தெரியும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் கழுத்து கொண்டுவந்த வினை

பிரிட்டனில் சால்மன் மீன் பிடிப்பவர்கள் தூண்டிலில் இறகுகளைக் கட்டிப் பொய்ப்பூச்சி செய்வார்கள். அதற்கு 'கண்' வைக்க சாம்பல் காட்டுச்சேவலின் தகட்டு இறகைப் போல வேறொன்று வாய்க்கவில்லை. தண்ணீரில் நனைந்தாலும் மின்னும். விக்டோரியா மகாராணி காலத்தில் அதற்குக் கிராக்கி ஏறியது. சேவலைக் கொன்று, கழுத்துத் தோலை இறகோடு உரித்து, கப்பல் ஏற்றினார்கள். 1902-இல் பிரிட்டிஷ் இந்திய அரசு காட்டுப் பறவைகளின் தோலையும் இறகையும் ஏற்றுமதி செய்யத் தடை போட்டது. கிராக்கி உடனே நின்றுவிடவில்லை. இன்று அந்தச் சந்தைக்கு வெளிநாட்டுப் பண்ணைகளில் வளர்க்கப்படும் பறவைகளின் இறகு போகிறது.

இப்போது ஆபத்து இறகுக்காக இல்லை, இறைச்சிக்காக. காட்டோரக் கிராமங்களில் கண்ணி வைத்துப் பிடிப்பது பழைய வழக்கம். 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி இதை வேட்டையாடுவது, பிடிப்பது, முட்டை எடுப்பது, விற்பது, வாங்குவது எல்லாமே குற்றம், சிறை வரை போகலாம். நெடுஞ்சாலை உணவகத்தில் 'காட்டுக்கோழி ஸ்பெஷல்' என்று பலகை பார்த்தால் பெரும்பாலும் அது நாட்டுக்கோழியோ கினிக்கோழியோதான், விளம்பரத்துக்காக ஒரு எழுத்தை மாற்றியிருப்பார்கள். 'இல்ல சார், ஒரிஜினல்' என்று கடைக்காரர் அழுத்திச் சொன்னால், அவர் சொல்வது உண்மையாக இருந்தால், சாப்பிடும் நீங்களும் சட்டச் சிக்கலில் இருக்கிறீர்கள்.

எண்ணிக்கை குறைகிறதா?

உலக அளவில் ஐயுசிஎன் பட்டியலில் இது 'குறைந்த அக்கறை' பிரிவில்தான் உள்ளது. அதாவது அழிவின் விளிம்பில் இல்லை. அந்த முத்திரையைப் பார்த்து நிம்மதியாகிவிடுவது எனக்குச் சரியாகப் படவில்லை, காரணம் செங்காட்டுக்கோழியின் அனுபவம். அதுவும் அதே பிரிவில்தான் இருக்கிறது. ஆனால் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், அருங்காட்சியகங்களில் இருந்த நூறாண்டு பழைய செங்காட்டுக்கோழிகளின் டிஎன்ஏவை இன்றைய காட்டுப் பறவைகளோடு ஒப்பிட்டு 2023-இல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். இன்று காட்டில் உள்ள செங்காட்டுக்கோழிகளின் மரபணுத் தொகுப்பில் 20 முதல் 50 சதவீதம் வரை வீட்டுக்கோழியுடையது. பறவை காட்டில் இருக்கிறது, எண்ணினால் வருகிறது, உள்ளே பாதி வேறு.

சாம்பல் கோழிக்கு ஒரு பாதுகாப்பு உண்டு. டார்வின் கவனித்த அந்த மலட்டுத்தன்மைதான். வீட்டுக்கோழியோடு கலந்தாலும் வாரிசு எளிதில் தொடராது. ஆனால் கதவு முழுக்க அடைபடவில்லை என்பதற்கு உங்கள் தட்டில் இருக்கும் மஞ்சள் காலே சாட்சி. அன்று காட்டிலிருந்து வீட்டுக்கு மரபணு போனது. இன்று உலகில் எந்த நேரத்திலும் 2000 கோடிக்கு மேல் வீட்டுக்கோழிகள் இருக்கின்றன. போக்குவரத்து எந்தப் பக்கம் அதிகம் இருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளலாம்.

மரபணுவை விட அவசரமான கவலை நோய். காட்டோர வீடுகளில் கோழிகள் திறந்தவெளியில்தான் மேய்கின்றன, காலையில் காட்டுக்குள் போய் மாலையில் திரும்புகின்றன. நம் ஊரில் வெள்ளைக்கழிச்சல் என்று சொல்லும் ராணிக்கேட் நோய் அவற்றிடமிருந்து காட்டுக்கோழிக்கும் தொற்றும், இரண்டும் நெருங்கிய உறவுதானே. 2024 பிப்ரவரியில் திருப்பதிக்குப் பக்கத்து மாவட்டமான நெல்லூரில் பறவைக்காய்ச்சல் வந்து பண்ணைக் கோழிகளை அழிக்க நேர்ந்தது. பண்ணையில் செத்தால் எண்ணுவதற்கு ஆள் உண்டு. புதருக்குள் செத்தால் கீரிக்குத்தான் தெரியும்.

ஆகவே காட்டோரத்தில் தோட்டமோ ஃபார்ம் ஹவுஸோ வாங்கியிருக்கும் நண்பர்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. வளர்க்கும் கோழிகளுக்குத் தடுப்பூசி போடுங்கள். கால்நடை மருத்துவமனையில் கேட்டால் ராணிக்கேட் தடுப்பூசிக்கு வழி சொல்வார்கள். செத்த கோழியைக் காட்டோரம் வீசாமல் சுண்ணாம்பு போட்டு ஆழமாகப் புதையுங்கள். கண்ணி கண்ணில் பட்டால் இடத்தைக் குறித்துக்கொண்டு வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

பார்க்கத்தான் ஆசை என்றால் பிப்ரவரி, மார்ச் சரியான காலம். சேவல் முழு அலங்காரத்தில் இருக்கும், கூவலும் அதிகம். தலக்கோணா பக்கம் வனத்துறை அனுமதித்த பாதையில் விடிந்ததும் மெதுவாக நடங்கள். போனில் ரெக்கார்ட் செய்த கூவலை ஒலிக்கவிட்டு அழைக்காதீர்கள், எல்லையில் எதிரி வந்துவிட்டான் என்று நினைத்து அடைகாக்கும் காலத்தில் சேவல் அலைபாயும். பார்த்ததை, கேட்டதை மட்டும்கூட, இ-பேர்டில் பதிவு செய்யலாம். பதிவு செய்யும்போது கோழியின் கால் நிறத்தையும் சேவலின் கழுத்தில் தகடு இருந்ததா என்பதையும் குறிப்புப் பகுதியில் எழுதுங்கள். கலப்பு நடக்கிறதா என்று பின்னாளில் தேடுபவருக்கு அந்த இரண்டு வரி உதவும்.